அளந்து போடுதல்

புவெர்த்தோ ஐசேனில் மழை நிற்கும் என்று
யாரும் காத்திருப்பதில்லை.
தகரக் கூரைக்கடியில் இரண்டு மேசை,
வெளியே போக ஒரே கம்பி.

என் மேசையில் கடலின் அடி.
சால்மன் கூண்டுகளுக்குக் கீழே
எவ்வளவு சேறு படிந்திருக்கிறதென்று
கம்பெனிக்குக் காட்டும் படங்கள்,
நாற்பத்தாறு கிகாபைட், விடிவதற்குள்.

அக்கா இல்தாவின் மேசையில் அவள் கைகள்.
தீவு மருந்தகங்களில் காது கேளாதவர் வந்தால்
மருத்துவர் சொல்வதை இங்கிருந்து
விரல்களால் திரையில் பேசுவாள்.

செவ்வாய் மாலை, மெலிங்காவில் எவரிஸ்தோ என்றொரு மீனவர்.
வாந்தி எடுத்தீர்களா, கேட்டார் மருத்துவர்.
அக்காவின் கைகள் கேட்டன.
பதில் இல்லை.
பெனிசிலின் ஒத்துக்கொள்ளுமா, அடுத்ததைக் கேட்டார்.
அக்காவின் கைகள் எழுந்து
அந்தக் கேள்வி கம்பியில் பாதி வழி போவதற்குள்
எவரிஸ்தோ தலையசைத்துவிட்டார்: இல்லை, ஒன்றுமில்லை.

அவர் உள்ளங்கை இன்னும் வயிற்றின் மேலேயே இருந்தது.
அதை மட்டும் அக்கா பார்த்திருக்காவிட்டால்.

மறுபடி கேட்டாள். காத்திருந்தாள். மறுபடி கேட்டாள்.
சின்ன வயதில் ஒரு ஊசி, வீங்கிய உதடு,
மூச்சு முட்டிய ஓர் இரவு,
எல்லாம் மெல்ல மெல்ல
திரைக்கு வந்து சேர்ந்தன.

அவள் என்னைத் திட்டவில்லை.
ஒரு கையை மட்டும் என் பக்கம் திருப்பினாள்:
நிறுத்து.

இரவு விறகடுப்புக்கு முன் உட்கார்ந்து அளந்தேன்.
கம்பி சும்மா இருக்கையில்
ஒரு பிங் போய்த் திரும்பப் பத்தொன்பது மில்லி நொடி.
சேற்றை அனுப்பத் தொடங்கினேன்.
முந்நூறு. எண்ணூறு.
ஆயிரத்து எழுநூறில் மாத்தே ஆறிப்போயிருந்தது.

மோடத்தில் பழுதில்லை.
இடமில்லை என்று சொல்லக் கூசும் சத்திரம் அது.
வந்ததையெல்லாம் உள்ளே ஏற்றிக்கொள்ளும்.
என் சேற்று மூட்டைகள் வாசல்வரை அடுக்கியிருக்க
அக்காவின் ஒரு விரலசைவு
கடைசி மூட்டைக்குப் பின்னால் நிற்கும்.
ஒன்றுகூடத் தொலையவில்லை.
தொலைந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
பத்து மெகாபிட் கம்பிக்கு
ஒன்பது என்று ரவுட்டரில் எழுதினேன்.
நூற்றைம்பது. போதாது.
எட்டு முக்கால். கொஞ்சம் அசைந்தது.
ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மேலே சுற்றிய உறைக்கும்
எடை உண்டென்பது
நள்ளிரவுக்குப் பிறகுதான் உறைத்தது.
அதையும் கூட்டி, எட்டரையில் நிறுத்தினேன்.

கம்பியை நிரப்பினால் கூட்டம் மோடத்தில் சேரும்,
அங்கே என் கை எட்டாது.
கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் கூட்டம் இங்கே,
என் அலமாரி மேலிருக்கும் ரவுட்டரில் சேரும்.
நெரிசலை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டேன்.
இனி ஒவ்வொருவருக்கும் தனி வரிசை.
மெலிந்து வருகிறவருக்கு முதலில் வழி.
வெகுநேரம் நின்ற மூட்டையை எடுத்து
ரவுட்டர் எறிந்துவிடும்.
அது போய்ச் சேராததைப் பார்த்து
என் கணினி தானே வேகம் குறைத்துக்கொள்ளும்.

இருபத்தொன்று. இருபத்திரண்டு. இருபத்தொன்று.
பக்கத்து வீட்டு நாய் ஒருமுறை குரைத்து ஓய்ந்தது.
சேறு முழுவதும் போய்ச் சேர ஒரு மணி நேரம் அதிகம்.
கம்பெனியில் யாரும் கேட்கவில்லை.

வியாழன் அன்று அக்கா மீண்டும் திரைக்கு முன்னால்.
பின்னால் என் சேறு போய்க்கொண்டிருந்தது,
அவளுக்கு அது தெரியவே இல்லை.
கை எழுந்தது, அங்கே முகம் மலர்ந்தது,
இடையில் ஒன்றுமில்லை.

குஸ்தோதியோ, தேநீர், என்றாள். கொடுத்தேன்.
எண்களைச் சொல்ல வாயெடுத்தேன்.

அவள் நோயாளியிடம் மருந்து பற்றிக் கேட்டாள்.
உடனே பதில் வந்தது.
தலையசைத்துவிட்டு, கைகளை மடியில் இறக்கி,
மனதுக்குள் இரண்டு எண்ணி,
அதே கேள்வியை
மறுபடியும் கேட்டாள்.